ஆறாம் மாடிக் குப்பை வாளி

வேலைக்காரர்கள் லிப்டில் ஏறக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத் தலைவர் ஜெயசீலன் உத்தரவு போட்டார். ஆறாம் மாடியில் அவர் வீட்டிலேயே வேலை செய்யும் அன்னக்கொடிக்கு முழங்கால் வலி.

“படி ஏற முடியலைங்க ஐயா.”

“லிப்ட் வீட்டுக்காரங்களுக்கும் அவங்க சாமானுக்கும்தான். சட்டம்னா சட்டம்.”

“உங்க வீட்டுக் குப்பையும் உங்க சாமான்தானுங்களே?”

“பின்னே, உன்னுதா?”

மறுநாள் அவள் மீன் குப்பை வாளியை லிப்டுக்குள் வைத்துவிட்டுப் படியில் இறங்கினாள். கல்யாணத்துக்குக் கிளம்பிய தலைவர், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வாளியோடு ஆறு மாடியும் இறங்கி வந்தார்.

“என்னம்மா இந்த நாத்தம்?”

“சாமான் லிப்டில வருது, நான் படியில வர்றேன். நானும் கூட ஏறினா மூடியை அழுத்திப் பிடிச்சுக்குவேன். பார்த்துச் சொல்லுங்க ஐயா.”

“ஏறித் தொலை!”

அன்னக்கொடி திரும்பி, வாசலில் நின்ற மற்ற வேலைக்காரிகளைக் கூப்பிட்டாள்.

“ஐயா சொல்லிட்டாங்க, எல்லாரும் வாங்கடி.”