செம்பாயி வச்ச சுண்டைக்காய்க் குழம்பு

ஒரே ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு ராசா இருந்தாரு, ராசாவுக்குப் பெரிய வயிறு ஒண்ணு இருந்துச்சு, அந்த வயித்துக்குச் சோறாக்கிப் போட செம்பாயின்னு ஒருத்தி இருந்தா. அஞ்சு வயசுல அடுப்பு முன்னாடி உக்காந்தவ. அவ குழம்பு தாளிச்சான்னா தெருவுல போறவன் நின்னு மூக்கை உறிஞ்சிட்டுத்தான் போவான். அந்தக் கைமணத்தைக் கேள்விப்பட்டுத்தான் ராசா அவளை அரமனைக்கே கூட்டிட்டு வந்தாரு.

ராசா சாப்பாடு நேரா எலைக்குப் போயிருமா? போகாது. எவனாவது விஷத்தைக் கலந்துட்டான்னா? அதுக்காக வைரவன்னு ஒரு ஆளை வச்சிருந்தாங்க. அவருக்கு வேலையே ருசி பாக்குறதுதான். அவர் முதல்ல விரலால தொட்டு நாக்குல வச்சு, சாகாம நின்னாருன்னா, அப்புறம்தான் ராசாவுக்குப் போகும். குறை இருந்தாலும் அவரே சொல்லணும், அவர் சொன்னதைச் சேத்துத்தான் அனுப்பணும். அந்த அரமனை வழக்கம் அது.

முதல் நாள் செம்பாயி ஆசை ஆசையாச் சுண்டைக்காய்க் குழம்பு வச்சா. வைரவன் வந்தாரு, விரலை விட்டாரு, நாக்குல வச்சாரு, விட்டத்தைப் பாத்தாரு, "உப்பு கம்மி"ன்னாரு. இவ உப்பை அள்ளிப் போட்டா. ரெண்டாம் நாள் வந்தாரு, விரலை விட்டாரு, நாக்குல வச்சாரு, விட்டத்தைப் பாத்தாரு, "புளி பத்தலை"ன்னாரு. இவ புளியைக் கரைச்சு ஊத்துனா. மூணாம் நாளும் வந்தாரு, விரலை விட்டாரு, நாக்குல வச்சாரு... ஆமா, விட்டத்தைத்தான் பாத்தாரு. "காரம் ஏறலை"ன்னாரு. இவ மொளகாயை அரைச்சுக் கொட்டுனா.

இப்படி ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, ஏழு வருசம்!

ராசா ஒரு வாய் சாப்பிடுவாரு, மூணு சொம்பு தண்ணி குடிப்பாரு. "என்னய்யா வைரவா, இவ சமையல் இந்த லட்சணத்துல இருக்கு?"ம்பாரு. அந்தாளு என்ன சொல்லுவாருங்குறீங்க? "நான் இருக்கப் போய் இந்த மட்டுக்காவது இருக்கு ராசா, இல்லேன்னா வாயிலயே வைக்க முடியாது"ம்பாரு. கேட்டீங்களா அந்தப் பேச்சை!

முதல் வருசம் செம்பாயி அழுதா. ரெண்டாம் வருசம் சண்டை போட்டா. மூணாம் வருசத்துல இருந்து அழுகையும் இல்ல, சண்டையும் இல்ல. அரிசியைக் களைஞ்சா, உலையில போட்டா, எறக்குனா. தன் சமையலைத் தானே ருசி பாக்குறதைக்கூட விட்டுட்டா. 'எதைப் போட்டு என்ன, எப்படியும் குறைதான்.' ஏன்டி, உனக்குன்னு ஒரு நாக்கு இல்லியான்னு கேக்கத் தோணுதுல்ல? எனக்கும் பத்திக்கிட்டுத்தான் வருது. ஆனா உனக்கு ஒண்ணும் தெரியாது, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒருத்தன் தெனமும் சொல்லிக்கிட்டே இருந்தா, யாரா இருந்தாலும் நம்பிருவாங்க.

ஒரு நாள் ராசா அவளைக் கூப்பிட்டு விட்டாரு. "நாளன்னிக்குச் சம்பந்தி ராசா விருந்துக்கு வர்றாரு. அன்னிக்கு ஒரே ஒரு குறை வந்துச்சு, நீ மூட்டையைக் கட்டிக்கலாம்"னுட்டாரு.

செம்பாயி நேரா வந்து அன்னிக்கே மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சுட்டா. எங்க போறதுன்னும் தெரியாது, சமையலை விட்டா வேற வேலையும் தெரியாது. ஆனாலும் பழக்கம் விடுமா? யாரும் தொடுறதுக்கு முன்னாடி காக்காய்க்கு வைக்கணுமே, குழம்பை ஊத்திப் பிசைஞ்சு ஒரு உருண்டையைச் சன்னல்ல வச்சா. காக்கா வந்துச்சு. வந்தது மூட்டையைப் பாத்துச்சு.

"எங்க கெளம்பிட்ட ஆத்தா?"

"எங்கயோ போறேன் போ. எனக்குச் சமைக்கத் தெரியலியாம்."

"யாரு சொன்னா?"

"வைரவய்யா."

"அந்தாளா!"ன்னு காக்கா தலையில அடிச்சுக்கிச்சு. "அந்தாளு உன் சோத்தை இன்னிக்கு வரைக்கும் வாயில வச்சதே இல்லியே! ஆட்காட்டி விரலைக் குழம்புல விடுறாரு, நடுவிரலை வாயில வைக்கிறாரு. விஷம்னா அம்புட்டுப் பயம். நான் இந்தச் சன்னல்ல உக்காந்து தெனமும் பாக்குறேன்."

செம்பாயிக்குக் கரண்டி கையை விட்டு நழுவிருச்சு. "அடப்பாவி, இதை ஏழு வருசமா ஏன் சொல்லலை?"

"சொல்லலியா? தொண்டை கிழியக் கத்துனேன்! நீ 'சூ, சூ'ன்னு வெரட்டுனே." காக்காய்க்கும் கோவம் வந்துருச்சு. "மேலத் தெருவுல தெனமும் நெய்ச்சோறு வைக்கிறாங்க. நான் அங்க போனேனா? கீழத் தெருவுல வடை போடுறாங்க. அங்க போனேனா? ஏழு வருசமா இங்கதானே வந்து எலையை வழிச்சு நக்குறேன்? தொட்டே பாக்காதவன் சொன்னது உன் காதுல ஏறுது, தின்னுட்டுப் போற நான் உன் கண்ணுல படலை. என்ன பொம்பளை நீ!"

அப்புறம் செம்பாயி என்ன செஞ்சா? ஏழு வருசமா நம்புனதை ஒரு காக்கா பேச்சுல விட்டுருவாளா? மறுநாள் காலையில வைரவன் வந்தப்போ அடுப்பு ஊதுற மாதிரி குனிஞ்சுக்கிட்டு அந்தாளு கையையே பாத்தா. ஆட்காட்டி விரல் பொங்கலுக்குள்ள போச்சு. நடுவிரல் வாய்க்குப் போச்சு. ஆட்காட்டி விரல் நைசாத் துண்டுக்குப் போச்சு. "உப்பு கம்மி"ன்னாரு. செம்பாயிக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை. ரெண்டும் வராம உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரிஞ்சுச்சு.

விருந்தன்னிக்குச் சுண்டைக்காய்க் குழம்பு வச்சா. வச்சு, எத்தனையோ வருசத்துக்கு அப்புறம் தானே ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்தா. "அடியே, நல்லாத்தானேடி இருக்கு!"ன்னு தன்னையே திட்டிக்கிட்டா. அதை மூடி ஒளிச்சு வச்சுட்டு, குழம்புச் சட்டியில வெல்லப்பாகைக் கெட்டியாக் காச்சி ஊத்தி, மேல நாலு வறுத்த சுண்டைக்காயை மிதக்க விட்டா. பாக்குறதுக்கு அச்சு அசலா வத்தக்குழம்பு. தூக்கிட்டுப் போய்ச் சபையில வச்சா.

ராசாவும் சம்பந்தியும் எலை முன்னாடி உக்காந்திருக்காங்க. வைரவன் வந்தாரு, விரலை விட்டாரு, நாக்குல வச்சாரு, விட்டத்தைப் பாத்தாரு. விருந்தாளி முன்னாடி கெத்தாச் சொல்ல வேணாமா? "உப்பு கம்மி, புளி பத்தலை, காரமும் ஏறலை"ன்னாரு.

ராசா மொகம் சிவந்துருச்சு. "செம்பாயி, கெளம்பு!"

"போறேன் ராசா. போறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு சொட்டுப் பாருங்க. எந்தக் குறைக்குப் போறேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

ராசா தொட்டு நாக்குல வச்சாரு. கண்ணை முழிச்சாரு. சம்பந்தியும் தொட்டு வச்சாரு. "பாகு! வெல்லப்பாகுய்யா இது!"

வைரவனுக்கு வேர்த்துருச்சு. "நேத்து நாக்கைச் சுட்டுக்கிட்டேன் ராசா"ன்னாரு. "சளி புடிச்சிருக்கு ராசா"ன்னாரு. "இப்பத்தான் வெத்தலை போட்டேன் ராசா"ன்னாரு.

"அந்த வெரலைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க ராசா"ன்னா செம்பாயி.

கையைப் பின்னாடி ஒளிச்சாரு. காவக்காரன் இழுத்து முன்னாடி கொண்டாந்தா, கையோட துண்டும் வருது! பாகு இல்லியா, ஆட்காட்டி விரல் துண்டுல பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிச்சு. வாயில வச்ச நடுவிரல்ல ஒரு பொட்டுப் பாகு இல்ல.

"பயமா இருந்துச்சு ராசா"ன்னு காலுல விழுந்தாரு.

"பயம்னா பயம்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! இவ சமையலை ஏன்யா குறை சொன்னே?"

"நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னே சொல்லிட்டு இருந்தா, நான் சாப்பிட்டேன்னு யாரு ராசா நம்புவா?"

அவ்ளோதான், செம்பாயிக்கு அடக்க முடியலை. "நீ சாப்பிட்டேன்னு காட்டுறதுக்கா என் கையை ஏழு வருசம் முடக்கிப் போட்டே?"ன்னு கத்துனா. கத்திட்டு ராசா பக்கம் திரும்புனா. "நீங்க மட்டும் என்ன ராசா? தெனமும் மூணு சொம்பு தண்ணி குடிச்சீங்களே, ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டு, ஏம்மா இப்படிக் கரிக்குதுன்னு கேட்டீங்களா?"

ராசா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "கேக்கலை ஆத்தா, தப்புதான்"னாரு.

அவ போய் ஒளிச்சு வச்ச குழம்பைக் கொண்டாந்தா. முதல் வாயை எல்லாரும் பாக்கத் தானே சாப்பிட்டுக் காட்டிட்டு ராசாவுக்கு ஊத்துனா. ராசா அள்ளி அள்ளிச் சாப்பிட்டாரு. சோறு கேட்டாரு, இன்னும் கேட்டாரு, இன்னும் கொஞ்சம் கேட்டாரு. சம்பந்தி எலையை வழிச்சதைப் பாத்து பக்கத்துல உக்காந்திருந்த அவர் சம்சாரம் முட்டியில ஒரு இடி இடிச்சா.

வைரவனை விட்டாங்களா? விடலை. ஒரு குண்டான் குழம்புல அவர் வாயால சொன்ன உப்பையும் புளியையும் மொளகாயையும் அப்படியே சேத்து, முன்னாடி வச்சு, "சாப்பிடு. ஒரே வெரல்ல"ன்னாரு ராசா. பாதிக் குண்டான்ல அந்தாளு கொளத்தைத் தேடி ஓடுனவர்தான், அரமனைப் பக்கம் திரும்பலை.

மறுநாள் விடியறதுக்குள்ள செம்பாயி எந்திரிச்சு, இன்னிக்கு என்ன வைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே தோட்டத்துல கத்திரிக்காய் பறிச்சா. யாரும் சொல்லலை, அவளா.

அதனால புள்ளைகளா, உன் வேலை சரியில்லைன்னு எவனாவது சொன்னா, உடனே மூலையில உக்காந்து அழாதீங்க. முதல்ல அவன் சாப்பிட்டானான்னு பாருங்க. அவ சமைக்கட்டும், ராசா சாப்பிடட்டும், நீங்க கண்ணை மூடித் தூங்குங்க.