பதினெட்டு மணி நேரத்துப் பக்கத்து சீட்டு

உலகம்மாளின் ஆசிரமத்தில் அவரைவிட மூத்த சீடர்கள் நிறையப் பேர். சங்கரநயினார் அவர்களில் ஒருவர். குருவுக்கு நாற்பத்து மூன்று வயது, அவருக்கு அறுபத்து நான்கு. அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணாச்சி என்பார். தென்காசிப் பக்கம் அப்படித்தான்.

சங்கரநயினார் முப்பத்தொரு வருடம் ரயில்வே முன்பதிவு கவுண்டரில் இருந்தவர். எந்த பெர்த் காலை நீட்ட விடும், எது கண்ணை மூட விடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அமெரிக்கப் பக்தர்கள் அம்மாவை அழைத்தபோது, விமானத்தில் இடம் பிடிக்கும் வேலை அவரிடமே வந்தது. சிங்கப்பூரில் ஏறினால் நியூயார்க்கில்தான் இறக்கம், ஒரே மூச்சில் பதினெட்டு மணி நேரம். போகிறவர்கள் மூன்று பேர்: அம்மா, அவர், குத்தாலிங்கம்.

குத்தாலிங்கம் லாரி ஓட்டியவன். ஆசிரமத்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தியானத்தில் உட்கார்ந்தால் குறட்டை விடுவான். அவனைப் பார்த்தாலே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். தான் வந்த பன்னிரண்டு வருடத்தில் தன்னைப் பார்த்து அம்மா ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை என்று சங்கரநயினாருக்கு வயிறு எரியும். சாதாரண எரிச்சல் இல்லை, சோறு இறங்காத எரிச்சல்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. ஆசிரமத்துக்கு வருமுன் மனைவி இறந்தபோது அவருக்கு அழுகை வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அது ஏன் என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். ஆசிரமத்தில் எந்நேரமும் அம்மாவைச் சுற்றி நாற்பது பேர். நாற்பது பேர் நடுவில் கேட்கிற கேள்வியா அது?

அதனால் பதினெட்டு மணி நேரம் அவருக்குப் புதையல் மாதிரி கிடைத்தது. கம்ப்யூட்டரில் விமானத்தின் படத்தை விரித்து வைத்து இரண்டு நாள் பார்த்தார். கதவோரம் ஒரு வரிசையில் இரண்டே இரண்டு இருக்கைகள். மூன்றாவது ஆள் உட்கார இடமே இல்லை. ஜன்னலோரம் அம்மாவுக்கு, பக்கத்தில் தனக்கு.

குத்தாலிங்கத்துக்குக் கடைசி வரிசை. நடுவில் நான்கு இருக்கைகள் உள்ள இடம். பின்னால் சுவர், அதனால் இருக்கை சாயாது. சுவருக்கு அந்தப் பக்கம் கழிவறை. விவரம் தெரிந்த எவனும் அங்கே போக மாட்டான்.

"எனக்கு எங்கண்ணே?" என்று கேட்டான் குத்தாலிங்கம்.

"பின்னால. லாரி ஓட்டுனவனுக்கு எந்த சீட்டா இருந்தா என்னலே?"

"அது சரிதாண்ணே" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் இவருக்குப் பிடிக்கவில்லை.

விமானம் பகலில்தான் கிளம்பியது. சாப்பாடு வந்தது. தட்டை எடுத்துப் போகட்டும், கேட்கலாம் என்று சங்கரநயினார் காத்திருந்தார். தட்டு போயிற்று. ஜன்னலை மூடி விளக்கை அணைக்கட்டும் என்று காத்திருந்தார். அணைத்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குத்தாலிங்கம் எங்க இருக்காரு அண்ணாச்சி?" என்றார் அம்மா.

"கடைசி வரிசைம்மா."

"மொத தடவ பறக்காரு. ஏறும்போதே பயந்து பயந்துதான் வந்தாரு. ஒரு எட்டு பாத்துட்டு வாரேன். நீங்களும் வாங்களேன்."

"நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் சீட்ட பாத்துக்கிடுதேன்."

அம்மா போனார். கால் மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் என்னத்தைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறானோ என்று இவருக்குக் காது சுட்டது. எழுந்து போய்ப் பார்க்க மனம் துடித்தது. ஆனால் தான் பார்த்துப் பார்த்துப் பிடித்த நல்ல இடத்தை விட்டு, அவன் இருக்கும் கழிவறைச் சுவரோரம் போய் நிற்பதா? நிற்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஒதுங்கப் போனபோதுகூட முன்பக்கக் கழிவறைக்கே போனார்.

திரும்பி வந்தபோது கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, இந்த சீட்டு ரொம்ப நேரமா காலியா இருக்கே. பிள்ளையக் கொஞ்சம் கிடத்திக்கட்டுமா? தோள் விட்டுப்போச்சு."

"ஆள் இருக்கும்மா."

"அவங்க வந்ததும் எந்திரிச்சிர்றேன்."

"ஆள் இருக்குன்னு சொல்லுதேன்லா?"

அவள் போய்விட்டாள். இரண்டு வரிசை தள்ளிக் குழந்தை அழுதது. சங்கரநயினார் தன் பையை எடுத்து அம்மாவின் இருக்கையில் வைத்தார். பொறாமை பிடித்த மனுஷனுக்குத் தூக்கம் ஏது? இருக்கைத் திரையில் குட்டி விமானம் கடலுக்கு மேல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு மணி நேரம் அப்படியே போயிற்று.

இறங்கப் போகிறோம் என்று அறிவித்த பிறகுதான் அம்மா வந்தார். பையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

கேட்க நினைத்தது அதுவல்ல. வாயில் வந்தது இதுதான்.

"அவன்கிட்ட இவ்வளவு நேரம் என்னம்மா பேசினிய?"

"ஒண்ணும் பேசல. அவரு தூங்கினாரு."

"சிரிப்புச் சத்தம் கேட்டுதே?"

"விமானத்துல வேல பாக்குத பிள்ளைங்க. அங்கதான அவங்க காபி போடுத இடம்."

"அப்போ நீங்க அங்க என்ன செஞ்சிய?"

"உக்காந்திருந்தேன்."

"அத இங்க உக்காந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார் சங்கரநயினார். "பிள்ளைக்காரி வந்து கேட்டா, அவளுக்குக்கூட விடல. உங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்னு பன்னெண்டு வருஷமா வச்சிருக்கேன். எம் பொண்டாட்டி விசயம். அதுக்குத்தான் இந்த சீட்டப் பிடிச்சேன். பதினாலு மணி நேரம் உங்க இடத்தக் காத்துக்கிட்டு கிடந்தேன்."

விமானம் மேகத்துக்குள் இறங்கிக் குலுங்கியது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வரிசையில நாலு சீட்டு அண்ணாச்சி. அவரு ஒண்ணுல தூங்கினாரு, நான் ஒண்ணுல இருந்தேன். எனக்கு இந்தப் பக்கம் ரெண்டு சும்மா கிடந்துச்சு. நீங்க வருவியன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."