அங்கயற்கண்ணியின் புது டைரி

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பேராசிரியர் அங்கயற்கண்ணி தன் பழைய ஆய்வு நெறியாளர் தேவசகாயத்தைப் பார்க்கப் போனாள். கல்வெட்டு வாசிக்க அவளுக்குச் சொல்லித்தந்தவர் அவர். கையில் அடுத்த வருஷத்து டைரி. வருஷமே இன்னும் பிறக்கவில்லை, டைரி ஜூலை வரை நிரம்பிவிட்டது. யார் கேட்டாலும் தட்டமாட்டாள் என்று பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பெயர்.

"ஏழு கருத்தரங்கம், நாலு கமிட்டி, ரெண்டு புத்தகம். துறைத்தலைவர் பொறுப்பு வேற. இத்தனையையும் எப்படிங்கய்யா சமாளிக்கிறது?"

அவர் டைரியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"எங்க சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும். பிப்ரவரியில."

"தந்துடறேங்கய்யா."

எழுதிக்கொண்டார்.

"என் மச்சினன் நடத்துற ஸ்கூல்ல பேச்சுப் போட்டி. நடுவரா போகணும்."

கொஞ்சம் தயங்கினாள். "போறேங்கய்யா."

"பயிலரங்கம் ஒண்ணு இருக்கு. மார்ச்ல, பத்து நாள்."

"அது... சரிங்கய்யா."

அவர் மார்ச் மாதத்தைப் புரட்டினார். "இதென்ன, தவமணி ஆய்வேடுன்னு போட்டிருக்கு?"

"என் மாணவி. மார்ச்சோட அவளுக்குக் கெடு முடியுது. அஞ்சு அத்தியாயம் நான் படிக்காமக் கிடக்கு."

"அப்ப அதை அடிச்சிடுவோம். பயிலரங்கத்துக்கு இடம் வேணுமே."

பேனா முனை அந்தப் பெயரின்மேல் இறங்கியது. அங்கயற்கண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இருபது வருஷத்தில் அவர் பேச்சுக்கு அவள் எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

"முடியாதுங்கய்யா."

"ஏன்?"

"குவாரிக்காரன் வெடி வெக்கிறதுக்கு முன்னாடி மலையேறி, ஒவ்வொரு கல்வெட்டையும் படியெடுத்தவ அவ. ஆள் விட்டு மிரட்டினாங்க. மறுநாளும் ஏறினா. இப்ப அந்த மலை இல்ல. அவ எழுதினதுதான் இருக்கு. நீங்களே சொன்னாலும் அடிக்க விடமாட்டேன். பயிலரங்கத்துக்கு வேற ஆளைப் பாருங்க. மலருக்கும் பாருங்க."

அவள் சொல்லி முடித்துவிட்டாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

தேவசகாயம் இன்னொரு கையால் பேனாவை மூடினார்.

"நல்லாத்தானே சொல்ல வருது உனக்கு. அப்புறம் எங்கிட்ட என்ன கேக்க வந்த?"