கொக்கின் ஆராய்ச்சியும் எருமையின் வெக்கையும்

காட்டோரத்தில் ஒரு கரடி பண்ணை வைத்திருந்தது. அதில் பத்துக் கோழிகள், இரண்டு ஆடுகள், ஓர் எருமை. எருமையின் பெயர் மைக்கண்ணி. காட்டில் தாய் இல்லாத குட்டிகளெல்லாம் அதன் பாலைக் குடித்துத்தான் வளர்ந்தன.

அந்தக் கோடையில் மைக்கண்ணியின் பால் குறைந்தது. வேளைக்கு ஒரு குடம் கறந்த எருமை ஒரு செம்பு கறந்தது. பிறகு அரைச் செம்பு.

கரடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனைக்கும் காரணமே அந்தக் கரடிதான்! மாசி மாதம் எருமைக்கென்று புதிதாக ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தது. சிமெண்டுத் தரை, இரும்புக் கதவு. "இனிமே நீ குளத்துப் பக்கமே போகக் கூடாது. உடம்பெல்லாம் சேத்தைப் பூசிக்கிட்டு வர்றே. பாக்கவே அசிங்கமா இருக்கு!" என்று சொல்லி எருமையை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டியது. போகிற வருகிற மிருகங்களெல்லாம் கொட்டகையைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தன. கரடிக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு புலி இருந்தது. பால் வற்றிய சேதி அதன் காதுக்கும் எட்டியது.

"கரடியாரே, பால் தராத எருமைக்கு எதுக்கு வீணாத் தீனி? வேலிக்கு இந்தப் பக்கம் ஓட்டி விடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றது புலி.

கரடி தலையைச் சொறிந்தது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள பால் ஏறலேன்னா ஓட்டி விடுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகு மனசு கேட்கவில்லை. எட்டு வருஷம் பால் கொடுத்த எருமை அல்லவா! காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஏரியிலிருந்து கொக்கை வரவழைத்தது.

கொக்கு பெரிய ஆராய்ச்சியாளர். மூன்று பண்ணைகளில் ஆராய்ச்சி செய்து தலையணை மாதிரி மூன்று அறிக்கைகள் எழுதியிருந்தது. அவற்றை யாராவது படித்தார்களா என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கொக்கு நோட்டும் கையுமாக வந்து இறங்கியது. பண்ணையில் வாய்த்துடுக்கான ஒரு செங்கோழி இருந்தது. அது ஓடி வந்தது.

"என்ன ஆராய்ச்சி பண்ணப் போறீங்க?"

"பண்ணை விலங்குகளின் நடத்தையும் நலனும்!" என்றது கொக்கு.

"நல்லதாப் போச்சு! இந்த மைக்கண்ணி அக்காவுக்கு என்னன்னா..."

"நிறுத்து! ஆராய்ச்சிக்கு உட்பட்டவர்கள் ஆராய்ச்சியாளரிடம் பேசக் கூடாது. பேசினால் முடிவு கெட்டுவிடும். நான் பார்ப்பேன், எண்ணுவேன், எழுதுவேன். அவ்வளவுதான்!"

கொட்டகைக்குள்ளிருந்து எருமை எட்டிப் பார்த்தது. "ஐயா, வெக்கை தாங்கலை. குளத்துல ஒரு முழுக்குப் போட விட்டாப் போதும்."

கொக்கு இறக்கையால் காதைப் பொத்திக்கொண்டது. "எனக்கு எதுவுமே கேட்கவில்லை!"

பிறகு அது கரடியைக் கூப்பிட்டது. "இந்தக் கொட்டகை அடுப்பு மாதிரி கொதிக்கிறது. ஒரு தொட்டி நிறையக் குளத்துத் தண்ணீர் கொண்டு வந்து வையுங்கள். கால் நனையாமல் எனக்குச் சிந்தனை ஓடாது" என்றது.

கரடி மூச்சு வாங்கச் சுமந்து வந்து தொட்டியை நிரப்பியது. கொக்கு அதில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கியது. எருமை அந்தத் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கொக்கு எழுதியது: 'எருமை என்னை இமைக்காமல் பார்க்கிறது. படித்தவர்கள் மேல் மிகுந்த மரியாதை.'

"அது உங்களைப் பாக்கலை! உங்க காலுக்குக் கீழே இருக்குற தண்ணியைப் பாக்குது!" என்று கத்தியது கோழி.

"உனக்கு ஆராய்ச்சி முறை தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியானால் பேசாதே!"

செவ்வாய்க்கிழமை கொக்கு ஒரு சோதனை வைத்தது. கொட்டகையில் ஒரு பக்கம் வைக்கோல் பரப்பியது. மறு பக்கம் மணல் கொட்டியது. எருமைக்கு எது பிடிக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எருமை இரண்டையும் மிதிக்கவில்லை. குளம் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு கதவோரமாகவே நின்றது.

'முடிவெடுக்கும் திறன் குறைவு' என்று எழுதியது கொக்கு.

நடுப்பகலில் எருமைக்கு நாக்குத் தொங்கி மூச்சிரைத்தது. 'விளையாட்டுக் குணம் உண்டு' என்று எழுதியது. ஈ மொய்த்தது, எருமை வாலைச் சுழற்றிச் சுழற்றி விரட்டியது. 'ஒரு மணி நேரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை வாலாட்டம். மட்டற்ற மகிழ்ச்சி!'

"ஐயோ, அது ஈ ஓட்டுதுய்யா!" கோழி தலையைச் சுவரில் முட்டிக்கொண்டது.

கொக்கு அதையும் எழுதிக்கொண்டது. 'கோழிக்குச் சுவர் பிடிக்கும்.'

புதன்கிழமை எருமையால் முடியவே இல்லை. தரையில் தேங்கிய மூத்திரத்திலாவது குளிர்ச்சி கிடைக்காதா என்று அதிலேயே படுத்துப் புரண்டது. தண்ணீரில் நாள் முழுக்கக் கிடந்து பழகிய உடம்பு. அது வேறு எதில் போய்ப் புரளும்? கொக்கோ முகத்தைச் சுளித்து, 'சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாத பிராணி' என்று எழுதியது.

கோழி கரடியிடம் ஓடியது. "நீங்களாவது வந்து அதை என்னன்னு கேளுங்க ஐயா!"

"ஆராய்ச்சி பண்றவர் பாத்துக்கிட்டு இருக்காருல்ல? நீ போய் முட்டை போடுற வேலையைப் பாரு!" என்றது கரடி.

கதை சொல்கிற எனக்கே எரிச்சலாக இருக்கிறது. கோழிக்கு எப்படி இருந்திருக்கும்!

வியாழக்கிழமை கறந்த பால் உள்ளங்கை அளவுதான். கோழி எருமையின் காதருகே போய், "அக்கா, உன் கொம்பால ஒரு முட்டு முட்டினா அந்தக் கதவு தாங்காது. உடைச்சிட்டுப் போயேன்!" என்றது.

"எட்டு வருஷமா அவர் கையால தின்னவ நான். அவர் ஆசையாக் கட்டின கொட்டகை. உடைக்க மனசு வரலைடீ" என்றது எருமை. கோழிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வெள்ளிக்கிழமை நடுப்பகல். வேலியோரம் புலி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கரடி கையில் கயிற்றோடு கொட்டகைக்கு வந்தது. கொக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு அறிக்கையைப் படித்தது.

"முடிவு! எருமை நலமாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. பால் குறைந்த காரணம் தெரியவில்லை. மேற்கொண்டு ஆறு மாதம் ஆராய வேண்டும்."

"ஆறு மாசமா! புலி அங்கே வேலியோரம் உக்காந்திருக்குய்யா!" என்றது கரடி.

"புலி என் ஆராய்ச்சி எல்லைக்குள் வராது. அது கிடக்கட்டும், முதலில் இந்தத் தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள். சூடேறிவிட்டது. இந்த வெக்கையில் மனுஷன் இருப்பானா!" என்றது கொக்கு.

கோழி ஒரே தாவாகத் தாவிக் கரடியின் முன்னால் வந்து நின்றது.

"கேட்டீங்களா ஐயா? குச்சி மாதிரி காலை வச்சுக்கிட்டு அஞ்சு நாளாத் தண்ணியிலேயே நிக்கிறாரு, இவருக்கே தாங்கலை. அவ்வளவு பெரிய கறுத்த உடம்புக்கு எப்படித் தாங்கும்? நீங்க என்னைக்காவது மத்தியானத்துல இதுக்குள்ள வந்திருக்கீங்களா?"

கரடி வந்ததில்லை. விடிகாலையில் ஒரு முறை, பொழுது சாய்ந்து ஒரு முறை கறக்க வருவதோடு சரி; தொட்டி நிரப்பியதும் காலை வேளையில்தான். அது தகரச் சுவரில் கையை வைத்தது. "ஆ!" என்று அலறி எடுத்துக்கொண்டது. கூரையிலிருந்து அனல் இறங்கியது. எருமை கண் செருகிக் கிடந்தது.

கரடி கயிற்றைக் கீழே போட்டது. "மைக்கண்ணி, உனக்கு என்னம்மா வேணும்?"

"கேட்காதீர்கள்! கேட்டால் முடிவு கெட்டுவிடும்!" என்று கொக்கு இறக்கையை அடித்துக்கொண்டது.

"நீ வாயை மூடு!" என்று கரடி உறுமியது.

"குளம், ஐயா" என்றது எருமை.

கரடி கதவைத் திறந்தது. தள்ளாடித் தள்ளாடி எழுந்த எருமை, குளம் கண்ணில் பட்டதும் ஓட்டம் பிடித்தது. கரையில் நிற்கவே இல்லை. மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரிய, சேறும் தண்ணீருமாக அமிழ்ந்தது. புலி சிறிது நேரம் பார்த்தது. இன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று தெரிந்ததும் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது.

அடுத்த வாரமே பால் மறுபடி குடத்துக்கு ஏறியது. கொக்கு அறிக்கையின் கடைசியில் 'என் ஆராய்ச்சியின் பலனாகப் பால் பெருகியது' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் பறந்தது. அதைத் திருத்த யாராலும் ஆகாது.

ஒரு மத்தியானம் கரடி குளக்கரையில் வந்து உட்கார்ந்தது. எருமை தண்ணீரில் சுகமாகக் கிடந்தது.

"இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கியே மைக்கண்ணி! முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டது கரடி.

எருமை மெல்லத் தலையைத் தூக்கியது.

"தினமும் சொன்னேனே ஐயா. காலையிலயும் சொன்னேன், சாயங்காலமும் சொன்னேன். 'எருமை சும்மா கத்துது'ன்னு நீங்கதான் கதவைச் சாத்திட்டுப் போனீங்க."



ஒருவரின் துன்பத்தை அறிய விரும்புகிறவர், அவரைப் பார்த்து எண்ணுவதற்கும் எழுதுவதற்கும் முன்னால், அவர் வாய்விட்டுச் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.