கலங்கிய நீரில் ஒரு பாடம்

ஆற்று மடுவில் ஒரு நீர்நாய்க் கூட்டம் வாழ்ந்தது. குட்டிகளுக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுப்பது மருதியின் வேலை. உச்சிவெயிலில், அடிமணல் தெரியும் தெளிந்த நீரில் பாடம் நடக்கும். லேசாகக் கடித்து வைத்த கெண்டை ஒன்றை நீரில் விடுவாள். "பார், பாய்" என்பாள். குட்டிகள் பார்க்கும், பாயும், பிடிக்கும்.

குமிழி என்ற குட்டிக்கு மட்டும் அது வரவில்லை. பார்ப்பான். பாய்வதற்குள் மீன் போயிருக்கும். மற்றக் குட்டிகள் அவனைக் 'கரைநாய்' என்று கூப்பிட்டன.

கோடை நெருங்கியது. மடு வற்றினால் கூட்டம் கீழாற்றுக்குப் போயாக வேண்டும். தன் மீனைத் தானே பிடிக்காத குட்டியை விட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம். எது தேறியது, எது தேறவில்லை என்று சொல்ல வேண்டியவள் மருதி.

குமிழியைப் பெற்றவள் தினமும் வந்து மருதியின் முன்னால் நிற்பாள். எதுவும் கேட்கமாட்டாள். அதுதான் மருதிக்குத் தாங்கவில்லை. குஞ்சுகளும் குட்டிகளும் கற்கும் விதத்தை ஆராய்கிறவள் என்று பெயரெடுத்த ஒரு நாரையை வரவழைத்தாள்.

நாரை பாடம் முடியும்வரை ஒற்றைக்காலில் நின்று பார்த்தாள். குமிழியை அல்ல, மருதியை. மறுநாளும் அப்படியே. மருதிக்கு எரிச்சல் வந்தது.

"குறை அவனிடம் அம்மா. என்னிடம் என்ன தேடுகிறீர்கள்?"

"அவனுக்கு என்ன வரவில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நீ என்ன செய்கிறாய் என்று யாரும் சொல்லவில்லையே."

தன்னிடம் தேறிய குட்டிகளையெல்லாம் மருதி பேர்பேராகச் சொன்னாள். நாரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு தான் கண்டதைச் சொன்னாள். மருதி எப்போதும் 'பார்' என்றே தொடங்குகிறாள். குமிழிக்கு வராதபோது அதையே இன்னும் உரக்கச் சொல்கிறாள். ஆனால் காலையில் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு நண்டு நீருக்குள் ஊர்ந்தது; அவன் திரும்பவே இல்லை, மீசை மட்டும் அந்தப் பக்கம் சிலிர்த்தது.

"கண் பிந்துகிறது, மீசை முந்துகிறது என்று நினைக்கிறேன். நினைப்புத்தான். சோதித்தால் தெரியும்."

சோதிக்கக் கண் உதவாத நீர் வேண்டும். கரையில் அசைபோட்டுக்கொண்டிருந்த எருமையிடம் போய், இறங்கிக் கொஞ்சம் புரளும்படி மருதி கேட்டாள்.

"நான் கால் வைத்தாலே பாடம் கெடுகிறது என்று விரட்டுவாயே, இன்றைக்கு என்ன வந்தது?" என்றாள் எருமை. ஆனாலும் ஆசையாக இறங்கினாள்.

மடு குழம்பியது. மருதி கெண்டையை விட்டாள். 'பார்' என்று வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கொள். மீசையில் தண்ணீர் எங்கே தட்டுகிறதோ அங்கே போ."

குமிழி மூழ்கினான். நேரமாயிற்று. அவன் அம்மா தண்ணீரில் ஒரு கால் வைத்துவிட்டாள். அவன் தலை மேலே வந்தபோது வாயில் கெண்டை துடித்தது.

மற்றக் குட்டிகளும் இறங்கின. வெறும் வாயோடு ஏறின. "ஒன்றுமே தெரியவில்லை, இது என்ன பாடம்?" என்று ஒன்று சிணுங்கியது. மருதி அதைத் திட்டவில்லை. குமிழி இத்தனை நாளும் சொல்லத் தெரியாமல் நின்றது இதுதான் என்று அவளுக்குப் பட்டது.

மாலையில் கூட்டத்தலைவன் வந்தான். சேற்றில் பிடிப்பது இருக்கட்டும், தெளிந்த நீரில் இவன் என்ன செய்வான் என்று கேட்டான்.

"அங்கேயும் கண்ணை மூடிக்கொள்வான்," என்றாள் மருதி. "அவன் நம்மோடு கீழாற்றுக்கு வருகிறான்."

ஒருவனுக்குக் கற்க வரவில்லை என்று தீர்ப்புச் சொல்லுமுன், அவனுக்கு நாம் கற்றுக்கொடுத்த விதத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.