போதும் என்று சொல்லாத மன்னன்

முன்னொரு காலத்தில் நெடுங்குன்ற நாட்டைக் கீர்த்திவாகு என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். மனசு நல்ல மனசுதான். ஆனால் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பேச்சுதான் அவன் காதில் நிற்கும். கடைசியாகப் பேசும் அந்த வேலையை நாகபூஷணம் என்ற அரசவைப் பெரிய மனிதர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

ஒருநாள் அவர், "பிரபு, 'போதும்' என்பது இல்லாதவர்களின் சொல். எல்லாம் உள்ள தங்கள் திருவாயில் அது வரலாமா?" என்று எடுத்துவிட்டார். மன்னனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "இனி எதையும் போதும் என்று நிறுத்தமாட்டேன்!" என்று சபையில் சபதமே செய்துவிட்டான்.

அப்புறம் கேட்கவேண்டுமா? பரிமாறுகிறவர்கள் இலையில் சோற்றைக் குவித்துக்கொண்டே போனார்கள். பாடகர் தொண்டை கட்டும்வரை பாடினார். மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தானே தவிர, அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. அமைச்சர் தில்லைவாணருக்குப் பொறுக்கவில்லை.

"மன்னா, இந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டு எப்படி நாடாள்வது? வரி வாங்கினால் ஓரிடத்தில் போதும் என்க வேண்டாமா? தண்டனைக்கும் ஓர் எல்லை வேண்டாமா?" என்று சபையிலேயே கேட்டார்.

மன்னன் முகம் சிவந்தது. இதற்காகவே காத்திருந்த நாகபூஷணம் வாயைத் திறந்தார். "தண்டனையைப் பற்றி அமைச்சரே பேசுகிறார். அவரை வைத்தே பார்த்துவிடலாமே! அரண்மனைக் கல்தொட்டியில் அவரைக் கட்டி நிறுத்தி மடையைத் திறப்போம். மன்னர் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல் வந்தால் அடைப்போம்."

கோபத்தில் மன்னன் தலையை ஆட்டிவிட்டான்.

மடைக்காரன் காத்தான் மடைப் பலகையைத் தூக்கினான். தண்ணீர் சளசளவென்று இறங்கியது. முழங்கால் நனைந்ததும் தில்லைவாணர் தன் வேலையைத் தொடங்கினார்.

"மன்னா, நான் போனபின் என் பிள்ளைகளுக்கு ஓர் ஊர் கொடுத்தால் போதுமா, இரண்டு வேண்டுமா?"

"கேட்டதெல்லாம் கொடுப்பேன்!" என்றான் மன்னன். அந்தத் தூண்டிலில் மீன் விழவில்லை.

தண்ணீர் இடுப்பைத் தாண்டி மார்புக்கு ஏறியது. மன்னனின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. நாகபூஷணத்தைப் பார்த்துக் கெஞ்சாத குறையாக, "தொட்டி நிறைந்துவிட்டதே, ஐயா..." என்றான்.

"நிறைந்தது என்பது வேறு சொல், பிரபு. காத்தான் காதில் அதே ஒலி விழவேண்டும். பொருள் கணக்கில்லை. தாங்கள் சபதத்தை உடைப்பதென்றால் உடையுங்கள், சபை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது."

மன்னன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

தண்ணீர் கழுத்தைத் தொட்டது. தில்லைவாணருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. சாமர்த்தியமெல்லாம் கால் தரையில் நிற்கிறவரைதான். மனைவியின் முகம் கண்ணுக்குள் வந்து போயிற்று. ஆனாலும் 'அதே ஒலி' என்றாரே அந்த மனிதர், அதை மட்டும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"மன்னா, விடைபெறுகிறேன். நாலே நாளில் என்னை மறந்துவிடுவீர்கள்."

"நானா மறப்பேன்?"

"மறப்பீர்கள். உண்ண உட்கார்ந்தால் பக்கத்தில் நாகபூஷணம் இருப்பார். உறங்கப் போனால் தாலாட்டுப் பாட்டு இருக்கும். இந்தக் கிழவன் நினைவு உங்களுக்கு எப்போது வரப்போகிறது?"

மன்னன் கண் கலங்கிவிட்டது. "எப்போது என்றா கேட்கிறீர்? உண்ணும்போதும் உம் நினைவுதான், உறங்கும்போதும் உம் நினைவுதான், வாணரே!"

"காத்தா, அடை மடையை!" என்று அலறினார் அமைச்சர். வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. அதுவரை காதைத் தீட்டிக்கொண்டு நின்ற காத்தான் பலகையைத் தடாலென்று இறக்கினான்.

நாகபூஷணம் துள்ளிக் குதித்தார். "ஏமாற்று வேலை! இது வேறு போதும்!"

தில்லைவாணர் தண்ணீரைத் துப்பினார். "ஒலி அதேதானே? பொருள் கணக்கில்லை என்றது நீர்தானே?"

நாகபூஷணத்தின் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "சரி. அதே சொல்தான். அப்படியானால் மன்னர் சபதத்தை உடைத்துவிட்டார்!"

மன்னன் கை வாளுக்குப் போனது. அந்த வாள் யார்மேல் பாயுமோ, யாருக்குத் தெரியும்? தொட்டித் தண்ணீரோ இன்னும் அமைச்சரின் மோவாயில்தான் நின்றது.

"மன்னா," என்றார் அவர், "மடைக்காரனுக்கு இட்ட ஆணை ஒலிக்கு. நீங்கள் செய்த சபதம் பொருளுக்கு. எதையும் நிறுத்தமாட்டேன் என்றீர்கள். இப்போது எதை நிறுத்தினீர்கள்? சாப்பாட்டிலும் தூக்கத்திலும் என்னை நினைப்பதை விடமாட்டேன் என்றல்லவா சொன்னீர்கள்?"

மன்னன் வாளை வீசி எறிந்தான். பட்டாடையோடு தொட்டிக்குள் இறங்கித் தன் கையாலேயே அமைச்சரின் கட்டுகளை அவிழ்த்தான். "என்ன வேண்டுமோ கேளும், வாணரே."

"அந்தச் சொல் வேண்டும், மன்னா. பழையபடி அதைச் சொல்லுங்கள்."

"பிரபு!" என்று ஓடிவந்தார் நாகபூஷணம். "சபதம் என்பது சாதாரணமா? நான் சொல்வதைச் சற்று..."

நனைந்து நின்ற மன்னன் திரும்பினான். "நாகபூஷணம், நீர் சொன்னதெல்லாம் போதும்."

சபையே சிரித்தது. நாகபூஷணம் தலைகுனிந்து வாசலைத் தேடினார். காத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே ஓடிப்போய், மூடியிருந்த மடையை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டிருந்தான்.