பனையில் கட்டிய ஆட்டுக்குட்டி

முன்னொரு காலத்தில் செம்மணல் நாட்டை இடிமுழக்கராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் ரகசியம் பேசினாலே மாடத்துப் புறாக்கள் பறந்துவிடும். நினைத்ததை நினைத்த கணத்தில் சட்டமாக்கிவிடுவார்.

ஓர் ஆவணி மாதம், மீசையெல்லாம் நார் ஒட்டச் சுட்ட பனம்பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தவருக்கு யோசனை பிறந்தது.

“மந்திரி சேந்தனாரே, தளவாய் வல்லபரே, ஆளுக்கொரு கொட்டை. அவரவர் வீட்டில் பனை வளர்க்க வேண்டும். பொங்கலன்று வந்து பார்ப்பேன். வளர்த்தவருக்கு என் வலப்பக்க ஆசனம். வளர்க்காதவருக்கு அரண்மனை ஆடுகள். மேய்க்கத்தான், ஹூம்.”

அந்த ஆசனம் அதுவரை சேந்தனாருடையது. தளவாய்க்கு அதன்மேல் நெடுநாளாக ஒரு கண்.

சேந்தனார் வீட்டுக் கொல்லையில் மணலைக் குவித்து, கொட்டையைப் புதைத்து, தண்ணீர் தெளித்துவந்தார். ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. மேட்டின்மேல் ஒரு புல்கூட இல்லை. பக்கத்து வீட்டுத் தளவாயோ வெண்கல அண்டாவில் நட்டு, தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்தார். கொட்டை அழுகிப்போனது. பொங்கலுக்கு முதல் நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு பனையோலையை வெட்டிவந்து அண்டாவில் செருகிவைத்தார்.

பொங்கலன்று ராஜா வந்து மணல்மேட்டைச் சுற்றிச்சுற்றி நடந்தார்.

“எங்கே மரம்?”

“கீழே இருக்கிறது மகாராஜா.”

தளவாய் தொண்டையைக் கனைத்தார். அவர் குரல் வெல்லப்பாகு, ஈ மொய்க்கும். “பூவுலகம் போற்றும் பெருமானே, மந்திரியாரின் மரம் வெட்கப்படுகிறது போலும். இனி ஆகவேண்டிய தொழிலைப் பழகிக்கொள்ளட்டும் என்று அடியேன் ஒரு காணிக்கை கொண்டுவந்தேன்” என்று ஓர் ஆட்டுக்குட்டியின் கயிற்றை மந்திரியிடம் நீட்டினார். கூடவந்த கூட்டம் சிரித்தது. குட்டியும் ‘ம்மே’ என்றது.

சேந்தனார் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். “நன்றி தளவாயாரே. மேய்க்குமுன் கட்டிப் பழக வேண்டாமா? என் வீட்டில்தான் மரமில்லையே. உங்கள் பனையில் கட்டிக்கொள்கிறேன்.”

வெல்லப்பாகு இறுகியது. “அது... வந்து... பொங்கலன்று பனையில் ஆடு கட்டக்கூடாதென்று சாஸ்திரம்...”

“ஒரு குட்டியைத் தாங்காத பனை என் நாட்டிலா? கட்டும் ஓய்” என்றார் ராஜா.

தளவாய் வீட்டுக்குப் போய்க் கட்டினார்கள். வாசலில் கிடந்த கரும்புத் தோகையைக் குட்டி பார்த்தது. ஒரே துள்ளல். ஓலை கயிற்றோடு தெருவில் ஓட, தலைப்பாகை அவிழத் தளவாய் பின்னால் ஓட, வெட்டுப்பட்ட காம்பை ஊரே பார்த்தது.

ராஜா முழங்கினார். “இங்கே வேரில்லை, அங்கே மரமேயில்லை. இரண்டு பேரும் ஆடு மேய்க்கப் போங்கள்.”

“என்னுடையதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள் மகாராஜா.”

கொல்லைக்குத் திரும்பி, சேந்தனார் மணலை விலக்கினார். உள்ளே விரல்போல ஒரு கிழங்கின் நுனி. ராஜா பிடித்து இழுத்தார், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். கிரீடம்தான் கழன்று மணலில் விழுந்தது.

“பனை முதலில் மண்ணைப் பிடிக்கும். பிறகுதான் தலைகாட்டும். நாலு பேர் பார்க்க வேண்டுமே என்ற அவசரம் அதற்குக் கிடையாது” என்றார் சேந்தனார்.

ராஜா மணலிலேயே உட்கார்ந்து சிரித்தார். “ராஜாவின் கிரீடத்தையே விழவைத்துவிட்டதே. என் மண்ணின் மரமல்லவா, ஹூம். யாரும் இதைத் தோண்டக் கூடாது. ஆசனம் உம்முடையதே. தளவாய் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கட்டும். மேய்த்தபடியே கரையெல்லாம் பனங்கொட்டை ஊன்றட்டும்.”

இன்று அந்த ஏரிக்கரை நெடுகப் பனைகள் வானத்தைத் தொட்டு நிற்கின்றன. தளவாய் கிழவராகும்வரை, அந்த வழியே போனவர்களை நிறுத்திவைத்துச் சொல்வாராம்: “எல்லாம் நான் நட்டது. வேண்டுமானால் ஆட்டைக் கட்டிப் பாருங்கள்.”